பாட்டு முடியும் வரை

பாபோஸ், சைப்ரஸ்
9.3.2025

அன்புள்ள அண்ணனுக்குத் தமிழ்செல்வி எழுதுவது.

நான் சௌக்கியம். அங்கே அம்மா, நீ, கன்னியம்மாள் அண்ணி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்?

நான் வந்து நாற்பது நாளாகிறது. ஒரு முறைகூட நீ போனை எடுக்கவில்லை. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரிகிறது. அண்ணியும் எடுப்பதில்லை, நீ சொல்லியிருப்பாய். கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும். அதனால்தான் எழுதுகிறேன். திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே செழியன் ஜெராக்ஸ் என்றால் போஸ்ட்மேன் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

நான் வேலை செய்யும் வீட்டில் இரண்டே பேர். ரால்புக்கு எண்பது வயது, அவர் மனைவி ஜீனுக்கு எழுபத்து நான்கு. இங்கிலாந்துக்காரர்கள். அவர் பஸ் ஓட்டினாராம். அந்தம்மா நகராட்சி ஆபீசில் டைப்பிஸ்ட். ரிட்டையர் ஆனதும் மழையும் குளிரும் போதும் என்று வீட்டை விற்றுவிட்டு இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். இவர்களைப் போலவே வந்து குடியேறிய பெரியவர்கள் இந்த ஊரில் நிறைய. பகலெல்லாம் வெயில் காய்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் கடற்கரை ஓட்டல்களில் பாட்டுக் கச்சேரி. கிடார் வாசிப்பவருக்கே எழுபது வயது இருக்கும்.

போன வாரம் இங்கே வேஷம் கட்டும் திருவிழா. ஜீன் மஞ்சள் இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு கோழி வேஷத்தில் தெருவில் ஆடினாள். அவள் வயதுக்காரர்கள் முப்பது பேர் பின்னால் ஆடிக்கொண்டு போனார்கள். நம் ஊரில் அந்த வயதில் கொஞ்சம் பளிச்சென்று சேலை கட்டினாலே பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரால்புக்கு அம்மாவுக்கு வந்திருக்கும் அதே மறதி. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவாவது எழுது.

அம்மா ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் போட்டால் தள்ளிவிடுவாள். இலையில் போட்டால் சாப்பிடுவாள். அண்ணியிடம் சொல்.

உன் தங்கை
தமிழ்செல்வி


பாபோஸ்
16.4.2025

அன்புள்ள அண்ணா,

வருடப் பிறப்பு கழிந்துவிட்டது. எல்லாரும் நலமாக இருக்க அருணாசலேஸ்வரரை இங்கிருந்தே கும்பிட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அம்மாவைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருப்பது எனக்குச் சாப்பாட்டில் கல் கடித்துக்கொண்டே இருப்பது போல் இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்துக்காக இதை எழுதுகிறேன். ஜீனுக்குத் திருவிழா ஒன்றையும் விட முடியாது. எந்த ஊரில் மேளம் கொட்டினாலும் காரை எடுத்துவிடுவாள். ரால்பையும் வீட்டில் விட முடியாது. அவருக்குச் சத்தம் ஆகாது, ஸ்பீக்கர் அலறினால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நடந்துவிடுவார். அதனால் ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன்னால் ஜீன் அவர் முழங்கைக்குக் கீழே தன் போன் நம்பரைப் பேனாவால் எழுதுகிறாள். அழியாத மை. சின்னப் பிள்ளைக்கு எழுதுவதுபோல ஊதிக் காய வைப்பாள்.

அடுத்த மாதம் சித்ரா பௌர்ணமி வருகிறது. அன்றைக்கு ஊரே கொள்ளாது. அம்மாவுக்குக் கதவு திறந்திருந்தால் போதும். தயவு செய்து அவள் கையில் உன் நம்பரை எழுதி வை. என் மேல் உள்ள கோபத்துக்காக இதைத் தள்ளிவிடாதே.

தமிழ்செல்வி


வேங்கிக்கால்
5.5.2025

தமிழ்செல்விக்கு,

உயிரோடு இருக்கிறோம். உன் இரண்டு கடிதமும் வந்தன. கிழிக்கவில்லை.

நீ கோழி வேஷம் பற்றி எழுதியிருந்ததைக் கன்னியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, அம்மா நனைத்த பாயை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். அன்றைக்கு அது மூன்றாவது பாய்.

நீ பதினான்கு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். உன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இங்கே வந்து மூன்று வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டாய், இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் கேட்கிறேன். அவளைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நீ. டிக்கெட் வந்த பிறகு சொல்கிறாய், மறுவாரம் போகிறேன் என்று. யாரோ வெள்ளைக்காரனுக்கு வாய் துடைக்க ஏழு கடல் தாண்டிப் போனாய். பெற்றவளுக்குத் துடைக்க இங்கே யார்?

இப்போது அவளுக்கு நடைதான் வேலை. "எங்க வூட்டுக்குப் போறேன், வுடு" என்கிறாள். எந்த வீடு என்று கேட்டால் கீழ்பென்னாத்தூர் என்கிறாள். அந்த வீட்டை விற்று இருபது வருடம் ஆகிறது. தடுத்தால் அடிக்கிறாள். கன்னியம்மாளின் இடது கண்ணுக்குக் கீழே இன்னும் கறுப்பு இருக்கிறது. அக்கம்பக்கத்தில் நாங்கள்தான் அம்மாவை அடிக்கிறோம் என்று பேச்சு. போன வாரம் கடையில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தபோது நின்றபடியே தூங்கி மெஷின் மேல் விழுந்தேன்.

நம்பர் எழுதச் சொல்கிறாய். எழுதுகிறோம். அது ஒன்றுதான் குறை.

செழியன்


பாபோஸ்
22.5.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உன் கையெழுத்தைப் பார்த்ததே எனக்குப் போதும். திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அண்ணியின் கண் எப்படி இருக்கிறது? மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடச் சொல்.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். சம்பாதிக்கப் போகிறேன் என்று அன்றைக்குச் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மூன்றாவது வருடக் கடைசியில் ஒரு நாள் அம்மா சோற்றைத் துப்பினாள், நான் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கிய கை என்னுடையதுதான். இன்னும் கொஞ்ச நாள் அந்த அறையில் இருந்தால் என்ன செய்வேன் என்று பயந்துதான் ஓடி வந்தேன். இங்கேயும் அதே வேலைதான் அண்ணா. ஆனால் ரால்ப் துப்பினால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் என்னைத் தூக்கி வளர்த்தவர் இல்லை. ராத்திரி என் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை லீவு. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும்.

இங்கே இப்போது பூத்திருவிழா முடிந்தது. ஜீனின் சிநேகிதர்கள் எல்லாரும் தலையில் பூ வளையம் வைத்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அதில் ஒருவர் மூன்று வாரத்துக்கு முன்னால் மனைவியைப் புதைத்தவர். அவரும் ஆடினார். பிறகு கார் நிறுத்தும் இடத்தில் தனியாக நின்று அழுததைப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பிப் போகவும் அவருக்கு அங்கே யாரும் இல்லையாம். இவர்கள் சிரிப்பதைப் பார்த்து முதலில் பொறாமைப்பட்டேன். இப்போது அவ்வளவு இல்லை.

சித்ரா பௌர்ணமி எப்படிப் போயிற்று? அம்மாவை வெளியே விடவில்லையே? உடனே எழுது.

தமிழ்செல்வி


வேங்கிக்கால்
9.6.2025

அன்புத் தங்கை தமிழ்செல்விக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

போன கடிதத்தில் நான் எழுதியது கொஞ்சம் ஜாஸ்தி. மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ போனதில் தப்பில்லை. யாராக இருந்தாலும் ஒரு அளவுக்கு மேல் முடியாது.

அம்மா நலம். முன்னைப்போலத் தொந்தரவு இல்லை. கன்னியம்மாளின் கண் சரியாகிவிட்டது. சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் அதிகம்தான். நானும் இப்போதெல்லாம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றலாம் என்று இருக்கிறேன்.

போன் வேண்டாம். பேசினால் சண்டையாகிவிடும். கடிதமே நன்றாக இருக்கிறது. அங்கே நடக்கும் திருவிழா, பாட்டுக் கச்சேரி பற்றி இன்னும் விரிவாக எழுது. கடையில் கூட்டம் இல்லாதபோது படிக்க நன்றாக இருக்கிறது.

அன்புடன்
செழியன்


பாபோஸ்
28.6.2025

அன்புள்ள அண்ணா,

நீ நன்றாக இருக்கிறாயா? உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அன்புத் தங்கை என்று எழுதியிருந்தாய். தொந்தரவு இல்லை என்றால் அம்மாவுக்குப் புது மாத்திரை ஏதும் கொடுக்கிறார்களா? அதன் பெயரை எழுது. சாமி கும்பிடவே சலித்துக்கொள்கிறவன் மலை சுற்றுகிறாய் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. சந்தோஷம்.

திருவிழா பற்றிக் கேட்டாய். இந்த மாதம் கடலோரத்தில் ஐந்து நாள் நடந்தது. தண்ணீர்த் திருவிழா. ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் இறைப்பார்கள். படகுப் போட்டி, மேடை போட்டுப் பாட்டு. மூன்றாம் நாள் ஜீனுக்குப் பிடித்த குழு பாட வந்தது. அன்றைக்கு ஞாயிறு அல்ல, ஆனால் எனக்குப் பல்வலி என்பதால் என்னை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டு ரால்பைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் திரும்பி வந்தபோது நாற்காலி காலி. ஜீன் மேடையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். நான் தோளைத் தொட்ட பிறகுதான் தேட ஆரம்பித்தோம். நாற்பது நிமிடம். மீன் பொரிக்கும் கடையின் மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்திரத்தில் நனைந்திருந்தார். கடைக்காரர்தான் கையில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து அவரைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்த பிறகு ஜீன் சமையலறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர் எழுந்து போனதை அவள் பார்த்தாளாம். பாட்டு முடியட்டும், பிறகு போகலாம் என்று நின்றுவிட்டாளாம். "அந்தப் பாட்டு முடியக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை அண்ணா. சொன்னாளே என்றுதான் இருந்தது.

அடுத்த கடிதத்தில் அம்மாவின் போட்டோ ஒன்று வை. கடையில்தான் பிரிண்ட் போடுகிறாயே.

தமிழ்செல்வி


வேங்கிக்கால்
27.8.2025

தமிழ்செல்விக்கு,

நலம். கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் ஸ்கூல் வேலை, அட்மிஷன் வேலை என்று நேரமில்லை.

போட்டோ கேட்டிருந்தாய். அம்மா மெலிந்திருக்கிறாள். பார்த்தால் வருத்தப்படுவாய். பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாத்திரை பழைய மாத்திரைதான்.

தீபத்துக்கு லீவு போட்டு வரப் போகிறேன் என்று உன்னுடன் வேலை செய்த சபாவிடம் சொன்னாயாம். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சொன்னாள். இப்போது வர வேண்டாம். வந்தால் அம்மாவுக்கு நீ யார் என்றே தெரியாது. வீண் செலவு, வீண் மனக்கஷ்டம். அந்த வேலையை விட்டுவிடாதே.

இந்த மாதமும் மலை சுற்றினேன். காலில் கொப்புளம். கன்னியம்மாள் நலம்.

செழியன்


பாபோஸ்
28.9.2025

அண்ணா,

வீட்டு விஷயம் வெளியே போக வேண்டாம் என்று இத்தனை நாள் யாரிடமும் கேட்காமல் இருந்தேன். உன் ஆகஸ்ட் மாதக் கடிதம் வந்த பிறகு என்னால் முடியவில்லை. நீ கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சபாவை வேங்கிக்கால் வீட்டுக்கு அனுப்பினேன்.

அண்ணி கதவைப் பாதிதான் திறந்தாளாம். அம்மாவைப் பெங்களூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றாளாம். எந்தச் சொந்தக்காரர் என்று கேட்டதற்கு, "அவரையே கேளுங்க, என்னை ஏன் கேக்கறீங்க" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாளாம். அம்மா படுக்கும் அறையில் இப்போது பழைய ஜெராக்ஸ் மெஷின் நிற்கிறதாம்.

நமக்குப் பெங்களூரில் யாரும் இல்லை.

செத்துப்போய்விட்டாள் என்றால் அதையாவது சொல். காரியம் நீ செய்தாயா, யாராவது செய்தார்களா, அது போதும் எனக்கு. நான் சண்டை போட மாட்டேன். அம்மா எங்கே?

தமிழ்செல்வி


வேங்கிக்கால்
20.10.2025

தமிழ்செல்விக்கு,

உன் நலம் கேட்டு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இன்று தீபாவளி. கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இருக்கிறாளா என்றும் தெரியாது.

சித்ரா பௌர்ணமி அன்று காலையில் அம்மா கேஸைத் திறந்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மாள் வாசனை தெரிந்து ஓடி வந்ததால் பிழைத்தோம். அதற்கு முந்தின மூன்று நாள் நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. "மலை சுத்திட்டு வந்தா அலுப்புல ரெண்டு நாளைக்கு அசந்து தூங்குவாங்க, கூட்டிட்டுப் போங்க" என்றாள் கன்னியம்மாள். அவள் மனதில் வேறெதுவும் இல்லை. நீ எழுதியபடி அம்மாவின் கையில் என் நம்பரை எழுதினதும் அவள்தான்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஷேர் ஆட்டோவில் டவுனுக்குப் போய் நடக்க ஆரம்பித்தோம். நான்தான் களைத்தேன், அம்மா களைக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் வந்த ஒரு பெண்ணிடம், "என் பையன், கலெக்டர் ஆபீஸ்ல இருக்கான்" என்றாள். எதிரே கடை வைத்திருக்கிறேன் என்று நான் திருத்தவில்லை. அன்றைக்கு அவள் யாரையும் அடிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

நிருதி லிங்கம் கோயில் தாண்டி ஒரு குழாயடியில் அவளுக்கு முகம் கழுவிவிட்டேன். கையையும் கழுவினேன். மை போகவில்லை. தேய்த்தேன். முதலில் எதையும் நினைத்துத் தேய்க்கவில்லை என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். "வலிக்குதுடா" என்றாள். அதற்குப் பிறகும் தேய்த்தேன்.

ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, "இங்கயே இரு, தண்ணி வாங்கிட்டு வரேன்" என்றேன். குழாயில் தண்ணீர் பக்கத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. "சரி" என்றாள்.

கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது என்று கன்னியம்மாளிடம் சொன்னேன். யாரும் தள்ளவில்லை. என் காலால்தான் வருண லிங்கம் வரை நடந்தேன். அங்கே ஒரு குழு டோலக் தட்டிப் பாடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து கேட்டேன். உன் வீட்டு அம்மா ஒரு பாட்டு முடியும் வரைதான் நின்றாள். நான் எத்தனை கேட்டேன் என்று தெரியாது. பிறகு எழுந்து திரும்பினேன். எல்லாரும் எதிரே வருகிறார்கள், நான் ஒருவன் பின்னால் போகிறேன். திட்டினார்கள். மரத்தடியில் வேறு யாரோ குடும்பமாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிழவியைப் பார்க்கவில்லை என்றார்கள்.

அவளைக் கண்டுபிடிக்கத்தான் திரும்பிப் போனேனா, போய்விட்டாள் என்று உறுதி செய்துகொள்ளவா? அதற்கு மட்டும் எனக்கே இன்னும் பதில் தெரியவில்லை.

போலீசில் அன்றே சொல்லவில்லை. மறுநாள் சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பார்கள் என்று பயந்தேன். நாலு நாள் ஆனதும் சொல்லவே முடியாதபடி ஆகிவிட்டது. பெங்களூர் என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். கன்னியம்மாள் சந்தேகப்பட்டாள். ஒரு நாள், "கையில நம்பர் இருந்துச்சே, ஏன் ஒரு போன்கூட வரல?" என்று கேட்டாள். நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறாள்.

முதல் ஒரு வாரம் வீட்டில் நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். அதற்குப் பிறகு பௌர்ணமிக்குப் பௌர்ணமி போய் ஒவ்வொரு கிழவி முகமாகப் பார்க்கிறேன். நீ ஜூன் மாதம் எழுதியதை, அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை என்று எழுதியிருந்ததை, பல தடவை படித்தேன். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

நீ போலீசுக்குப் போனாலும் நான் தடுக்க மாட்டேன்.

செழியன்


14.1.2026

அண்ணனுக்கு,

பொங்கல் கழிந்து இது உன் கைக்கு வரும். அண்ணி நலமாக இருக்க வேண்டும். அவளுக்கு இதைப் படித்துக் காட்டு.

நவம்பர் பதினைந்தாம் தேதி திருவண்ணாமலை வந்தேன். உன் கடிதம் கிடைத்த மறுநாளே ஜீனிடம் சொல்லிவிட்டேன். அன்று மாலை அவர்கள் வழக்கமாகப் போகும் ஓட்டலில் கச்சேரி இருந்தது, அவள் போகவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆனால் வேறு ஆள் வைக்க வேண்டியிருக்கும் என்றாள். நான் திரும்பி வர மாட்டேன் என்றேன். ரால்பை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் பெயர் கொடுத்துவிட்டாள். அவளே ஏர்போர்ட்டுக்குக் காரில் கொண்டுவந்து விட்டாள். "தினமும் போய்ப் பார்ப்பேன்" என்று நான் கேட்காமலே இரண்டு தடவை சொன்னாள்.

நீயும் அப்படிச் செய்திருக்கலாம். இன்ன இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன், என்னால் முடியவில்லை என்று எழுதியிருந்தால் ஒரு மாதம் திட்டியிருப்பேன். பிறகு நானும் ஓடிப்போனவள்தானே என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

உன் வீட்டுக்கு நான் வரவில்லை. சபா வீட்டில் தங்கினேன். அவளும் நானும் முதலில் ஆஸ்பத்திரிப் பிணவறையில் அடையாளம் தெரியாத பிணங்களின் போட்டோக்களைப் பார்த்தோம். மே மாதத்திலிருந்து பதினொரு கிழவிகள். ஒருத்தியின் காது நம் அம்மா காது போலவே இருந்தது. நெற்றியில் தழும்பு இருந்ததால் இல்லை என்று தெரிந்தது. சபாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கிழவி யாருடைய அம்மாவோ, நம் அம்மா இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு இல்லம் இல்லமாக ஏறினோம். தீபத்தன்று சாலையில் இருபது லட்சம் பேர் என்றார்கள். அன்றைக்கும் தேடினேன். ஒருவேளை நீயும் அங்கே நடந்துகொண்டிருந்திருப்பாய். ஒரு சாமியாரம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் வேன் வருமாம். வழியில் விடப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வெளி மாவட்டங்களில் இருக்கும் இல்லங்களுக்குக் கொண்டுபோவார்களாம். சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் ஒன்பது பேராம்.

அம்மா இருக்கிறாள். டிசம்பர் கடைசியில் கண்டுபிடித்தேன்.

அவர்களுக்கு அவள் பெயர் தெரியாது. பௌர்ணமியம்மா என்று கூப்பிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் தானாகவே தன் பெயர் காசியம்மாள் என்று சொன்னாளாம். அது பக்கத்துப் படுக்கைக்காரி பெயராகவும் இருந்ததால் யாரும் அதை எழுதி வைக்கவில்லை. மே மாத வெயிலில் செருப்பில்லாமல் நடந்து இடது கால் வெந்து சீழ் வைத்திருந்ததாம். சர்க்கரையும் இருந்ததால் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி அவள் எங்கேயும் நடந்து போக மாட்டாள்.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ உன் கடிதத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை, நானும் மறைக்கக் கூடாது. யாரம்மா உனக்கு இருக்காங்க என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம், "என் பையன் தண்ணி வாங்கப் போயிருக்கான்" என்றாளாம். அவனுக்கு என்று சாப்பாட்டில் ஒரு பிடி ஒதுக்கி வைப்பாளாம். ஆடி மாதம் வரைக்கும் அப்படி. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். உன் பெயரை நான் சொல்லிப் பார்த்தேன். என்னைப் பார்த்ததுபோலவேதான் அதையும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

போலீசுக்கு நான் போகவில்லை. உன்னைக் காப்பாற்ற இல்லை. நீ ஜெயிலுக்குப் போனால் அண்ணி தனியாகக் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அவள் பட்டது போதும்.

இந்த இல்லத்திலேயே எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் கம்மி. முப்பத்து நாலு பேர், பார்த்துக்கொள்ள மூன்று பேர். நேற்று ஒரு அம்மா என் மேல் கஞ்சியைத் துப்பினாள். துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டினேன். நம் அம்மா துப்பும்போதுதான் இன்னும் கை விறைக்கிறது. அப்போது கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வருகிறேன். பத்து எண்ணுகிறேன், சில நாள் ஐம்பது. திரும்பி உள்ளே போகிறேன்.

எந்த ஊர் என்று எழுத மாட்டேன். சபாவிடம் கேட்காதே, அவள் சொல்ல மாட்டாள். இந்தக் கடிதத்தை அவள்தான் எடுத்துக்கொண்டு போய்த் திருவண்ணாமலையில் பெட்டியில் போடுவாள். உறையில் முத்திரையைத் தேடாதே. அண்ணி வந்து பார்க்க ஆசைப்பட்டால் சபா அவளை மட்டும் அழைத்து வருவாள்.

அம்மா கிடைத்துவிட்டாள். இனி நீ மலை சுற்ற வேண்டியதில்லை.

தமிழ்செல்வி